எந்த நொடி, எந்த முகவரி? கிளைம், ஸ்ட்ரைக், நோட்டீஸ், தடை வந்தால் செய்ய வேண்டியவை

தனுஷ் நடித்த ‘3’ படம் 2012 மார்ச் 30 அன்று வெளியானது. அதற்குச் சில மாதம் முன்பே அதன் பாட்டு ஒன்று யூடியூபில் உலகம் சுற்றிவந்துவிட்டது. இணையம் அந்தப் படத்துக்குச் செய்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. படம் வந்த பிறகு அதே இணையத்தில் திருட்டுப் பிரதி சுற்றக் கூடாது என்று தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் தெரியாத எதிராளிகள் மீது தடை உத்தரவும் கிடைத்தது. இப்படிப்பட்ட வழக்கில் எதிராளிக்கு அமெரிக்காவில் ‘ஜான் டோ’ என்று பெயர் வைப்பார்கள்; நம் நீதிமன்றங்களில் ‘அசோக் குமார்’.

அந்த உத்தரவைக் காட்டி இணைய சேவை நிறுவனங்கள் சில, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை அப்படியே இழுத்து மூடின. குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் தங்கள் படத்தை ஏற்றிவைத்திருந்த இடம் விமியோ. அவர்களுக்கும் ‘3’ படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைசியில் விஷயம் மறுபடி நீதிமன்றத்துக்கே போய், ஜூன் 22 அன்று தெளிவு கிடைத்தது. திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லுக்கு மட்டும்தான் தடை, முழுத் தளத்துக்கு இல்லை. அந்த முகவரியை மனுதாரர்தான் எடுத்துத் தர வேண்டும். தந்த 48 மணி நேரத்துக்குள் சேவை நிறுவனம் அதை மூட வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை அந்தத் தெளிவுதான். பெரிய நிறுவனத்தின் பலம் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் இருக்கிறது. “எங்கள் உரிமையை மீறியிருக்கிறீர்கள்” என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நடுங்குவது உங்கள் வேலையாகிவிடும். எந்தப் படைப்பு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, எந்த முகவரியில், எந்த உரிமையின்படி என்று நீங்கள் திருப்பிக் கேட்ட பிறகுதான் பேச்சு சமமாகிறது. கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்தத் தெளிவு வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில் சுமார் 2,650 தளங்கள் பட்டியலிடப்பட்டன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் மாட்டிக்கொண்டது. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிரதிகள் ஏராளமாகக் கிடக்கும் இடம் அது. 2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காக 12,564 தளங்களை மூடச் சொல்லி 37 சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதியும் வெளியானது. என் கணக்கில் இந்தப் பெரும் பட்டியல்கள் திருடனைப் பிடித்ததைவிட வழிப்போக்கனைப் பிடித்ததே அதிகம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-இல் இதைப் புரிந்துகொண்டு நடந்தது. ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்துத் தரச் சொன்னது. மூடிய பக்கத்தில் வழக்கு விவரத்தைக் காட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவர் யாரை அணுகுவது என்பது அதில் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் தளம் என்றாவது திறக்காமல் போனால் முதலில் தேட வேண்டியது அந்த வழக்கு எண்ணைத்தான்.

வந்தது என்னவென்று முதலில் பாருங்கள்

யூடியூபிலிருந்து சிவப்பாக ஏதாவது வந்தாலே “ஸ்ட்ரைக் அடிச்சிட்டாங்க” என்று பதறுகிறோம். பெரும்பாலும் அது ஸ்ட்ரைக்காக இருக்காது, கிளைமாக இருக்கும். கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு உங்கள் காணொளியைத் தன் கிடங்கில் இருக்கும் பாட்டோடும் படத்தோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் கிளைம் போடுகிறது. அதனால் சேனலுக்கு ஆபத்து இல்லை. அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் வேறொருவருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் அது தெரியாமல் போகும். ஸ்ட்ரைக் அப்படிப்பட்டதில்லை. உரிமை கோருபவர் எழுத்துமூலமாகக் கேட்டு காணொளியை நீக்கவைத்திருக்கிறார் என்று அதற்குப் பொருள். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். அந்தக் கணக்கோடு இணைந்த மற்ற சேனல்களும் கூடவே போகும்.

வக்கீல் நோட்டீஸ் என்பது இவை இரண்டிலும் சேராது. அரசின் தடை உத்தரவு நான்காவது வகை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஸ்ட்ரைக் வந்த பயத்தில் காணொளியை அழித்துவிடுவது அதில் முக்கியமானது. அழித்தால் ஸ்ட்ரைக் போகாது. வாதாடுவதற்கு உங்களிடம் இருந்த பொருள்தான் போகும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில புகார்தாரர்கள் ஏழு நாள் அவகாசம் வைத்துப் புகார் கொடுப்பார்கள். அந்த ஏழு நாளுக்குள் நீங்களாகவே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது.

கிளைம்: மறுத்துப் பார்க்கவே தயங்குகிறோம்

யூடியூப் 2021 டிசம்பரில் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் கன்டென்ட் ஐடி வழியாக வந்த கிளைம்கள் 72 கோடிக்கு மேல். அவற்றில் மறுக்கப்பட்டவை 37 லட்சம்தான், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் மறுத்தவர்களில் 60 விழுக்காட்டினர் பக்கம் தீர்ந்தது. மறுக்காமல் விட்டவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பேருக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மீதிப் பேருக்குப் பயம்.

மறுப்பதென்றால் கிளைம் வந்த ஐந்து நாளுக்குள் மறுங்கள். அப்படிச் செய்தால் கிளைம் வந்த நாளிலிருந்து அந்தக் காணொளி ஈட்டும் பணத்தை யூடியூப் தனியே ஒதுக்கிவைத்து, வென்றவரிடம் கொடுக்கும். தாமதித்தால் இடைப்பட்ட நாட்களின் பணம் அவர்களுக்கே. நீங்கள் மறுத்த பிறகு அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் மௌனமாக இருந்தால் கிளைம் தானாக விழுந்துவிடும். கிளைம் சரிதான் என்று அவர்கள் நின்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஏழு நாள். இந்தப் படியில்தான் ஜாக்கிரதை தேவை. அதையும் அவர்கள் ஏற்காவிட்டால் நீக்கச் சொல்லிக் கேட்பார்கள், கிளைம் ஸ்ட்ரைக்காக மாறிவிடும். ஆகவே முதல் மறுப்பைத் தாராளமாகச் செய்யுங்கள். மேல்முறையீட்டை உங்கள் பக்கம் உறுதியாக நியாயம் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஆளே உட்கார்ந்து கையால் போடும் கிளைமாக இருந்தால் எந்த நொடி என்று அவர்கள் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2019 ஜூலையில் யூடியூப் இதைக் கட்டாயமாக்கியது. அடுத்த மாதமே, சாலையில் போகும் வண்டியிலிருந்து கேட்ட பாட்டு போல மிகச் சிறிய அல்லது தற்செயலான இசைக்குக் கையால் கிளைம் போட்டு வருமானத்தை எடுக்கக் கூடாது என்றும் விதித்தது. உங்கள் கிராமத்துத் திருவிழாக் காணொளிக்குப் பின்னணியில் ஒலிபெருக்கி பாடியதற்கு ஒருவர் கையால் கிளைம் போட்டிருந்தால் இந்த விதியைச் சொல்லி மறுங்கள்.

மறுப்பில் கதை எழுதாதீர்கள். “நான் சின்ன யூடியூபர், என் வயிற்றில் அடிக்காதீர்கள்” என்பதைப் படித்து யாரும் கிளைமை விடுவதில்லை. கீழே உள்ளது போல எழுதினால் போதும்:

“என் காணொளியில் 2:14 முதல் 2:26 வரை உங்கள் படத்தின் காட்சி உள்ளது. அந்தக் காட்சியின் ஒளிப்பதிவை விமர்சிப்பதற்காகவே அது பயன்பட்டது. விமர்சனம் 2:05-இல் தொடங்கி 3:40 வரை என் குரலில் தொடர்கிறது. படத்தின் மூல ஒலியைப் பயன்படுத்தவில்லை. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு இது, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(அ) இதை அனுமதிக்கிறது. வேறு எந்தப் பகுதியையாவது கோருகிறீர்கள் என்றால் நொடியைக் குறிப்பிடவும்.”

ஆங்கிலத்திலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். கிளைமை முடிவு செய்பவர் சென்னையில்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஸ்ட்ரைக்: கையெழுத்திடும் முன் படியுங்கள்

சென்னை நிறுவனம் சேலத்துக்காரர் மேல் ஸ்ட்ரைக் போட்டாலும் அது ஓடுவது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தின் தண்டவாளத்தில்தான். அதன்படி நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால், புகார்தாரர் பத்து வேலை நாளுக்குள் உங்கள் மேல் வழக்குப் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் நீங்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் கேட்பார்கள், அவை புகார்தாரரிடம் அப்படியே போகும். கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்றும் ஒப்புக்கொள்கிறீர்கள். பொய் சொன்னால் சத்தியப் பிரமாணத்தை மீறிய குற்றம். புனைபெயரில் அரசியல் பேசும் சேனல் வைத்திருப்பவர் வீட்டு முகவரியை எதிராளியிடம் கொடுப்பதா என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். வக்கீல் ஒருவரைத் தன் சார்பில் அனுப்பச் சொல்வது இந்த இடத்தில் செலவுக்குத் தகுந்த காரியம்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. 90 நாள் பொறுத்திருந்து காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தை முடித்தால் ஸ்ட்ரைக் காலாவதியாகும். ஒரே ஒரு ஸ்ட்ரைக், பெரிய காணொளியும் இல்லை என்றால் இதுவே உத்தமம். அல்லது புகார்தாரரையே அணுகித் திரும்பப் பெறச் செய்யலாம். சின்ன லேபிள்களும் படத் தயாரிப்பாளர்களும் மரியாதையாகக் கேட்டால் இறங்கிவருவதுண்டு. மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தவர் யூடியூபின் வருமானத் திட்டத்தில் இருந்தால், சேனல் மூடும் முன் ஏழு நாள் தவணை கிடைக்கும். அந்த ஏழு நாளில்தான் பலர் முதல்முறையாகத் தங்கள் காணொளிகளை இறக்கிவைக்க ஓடுகிறார்கள். கூகுள் டேக்அவுட் மூலம் மாதம் ஒருமுறை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

இந்தியச் சட்டத்திலும் ஒரு தண்டவாளம் இருக்கிறது; இணைய இதழோ சொந்தத் தளமோ நடத்துபவர்களுக்கு அது உதவும். பதிப்புரிமை விதிகள் 2013-இன் 75-ஆம் விதியின்படி, நீக்கச் சொல்லும் புகாரில் என்ன படைப்பு, தான் உரிமையாளர் என்பதற்கு என்ன ஆதாரம், எங்கே இருக்கிறது, பிரிவு 52 தரும் விலக்குகளில் இது ஏன் அடங்காது என்பதெல்லாம் இருக்க வேண்டும். வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை மறைக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். உங்கள் சர்வர் நிறுவனம் யாரோ எழுதிய நான்கு வரி மின்னஞ்சலுக்குப் பயந்து பக்கத்தை மூடினால், “75-ஆம் விதிப்படி வந்த புகாரின் நகலைத் தாருங்கள்” என்று எழுதுங்கள். பல புகார்கள் இந்தக் கேள்விக்கே தாக்குப்பிடிக்காது.

ஸ்ட்ரைக்கை எடுக்கப் பணம் கேட்டால்

2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற இந்தி யூடியூபர், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சில நொடிக் காட்சிகளுக்காகத் தன் சேனலுக்கு ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு, அதை நீக்க லட்சக்கணக்கில் பணம் கேட்டதாகக் குற்றஞ்சாட்டினார். வேறு சில யூடியூபர்களும் அப்படியே சொன்னார்கள். தங்கள் உரிமையைச் சட்டப்படி காப்பதாகச் சொன்ன நிறுவனம், தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. காணொளியின் சில கடுஞ்சொற்களை நீக்க அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எந்தப் பக்கம் நியாயம் என்பதை வழக்கு சொல்லட்டும். ஆனால் மூன்று ஸ்ட்ரைக்கில் வாழ்வாதாரமே போகும் என்ற விதி இருக்கும் வரை, இரண்டாவது ஸ்ட்ரைக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நடக்கும் பேரத்தில் விலை சொல்பவர் எப்போதும் ஒரே பக்கம்தான் இருப்பார்.

உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்தக் காணொளி, எத்தனை நொடி, அந்த நொடிகளுக்கு அவர்களின் வழக்கமான உரிமக் கட்டணம் என்ன, கேட்கும் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்துத் தீர்ப்பதென்று முடிவெடுத்தால், எல்லா ஸ்ட்ரைக்குகளையும் எத்தனை நாளுக்குள் திரும்பப் பெறுவார்கள், பழைய காணொளிகளுக்குப் புதிதாகப் போட மாட்டார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடச் சந்தாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இந்த இரண்டையும் எழுதாமல் விடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பலர் படித்ததில்லை. ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவர் மேல் நீங்கள் வழக்குப் போடலாம் என்கிறது அது. உரிமை மீறல் இல்லை என்று அறிவிக்கச் சொல்லலாம், மிரட்டலைத் தடுக்கச் சொல்லலாம், நட்ட ஈடும் கேட்கலாம். எதிராளி உண்மையாகவே வழக்குத் தொடுத்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆனாலும் பதில் நோட்டீஸில் இந்தப் பிரிவைக் குறிப்பிடும்போது எதிர்ப்பக்கத்தின் தொனி மாறுகிறது.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா?

இதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளாமல் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஐந்து நொடி வரை எடுக்கலாம், ஏழு நொடி வரை எடுக்கலாம் என்று எடிட்டிங் அறைகளில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024-இல் நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தின் முன்னோட்டத்தில் வந்த ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்புக் காட்சி மூன்று நொடிதான். அதற்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நட்சத்திரத்துக்கே இந்தக் கதி.

பிரிவு 52 நொடியைக் கேட்பதில்லை, நோக்கத்தைக் கேட்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமாக எடுத்தாளலாம். கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்தைக் கிண்டல் செய்து எழுதப்பட்ட எதிர் நாடகத்தைப் பரிசீலித்தபோது மூன்றைப் பார்த்தது: எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தின் சந்தையோடு இது போட்டி போடுமா. மூலத்திலிருந்து நிறைய எடுத்திருந்தும் அந்த எதிர் நாடகம் தப்பியது, ஏனென்றால் அது மூலத்தையே விமர்சித்தது. உங்கள் காணொளியை இந்த மூன்று கேள்வியில் நிறுத்திப் பாருங்கள். காட்சியை ஓடவிட்டு நடுநடுவே சிரித்துக்கொண்டிருக்கும் ரியாக்ஷன் காணொளி மூன்றிலும் தோற்கும். காட்சியை நிறுத்தி, இந்த வெட்டு ஏன் சறுக்கியது என்று பேசும் காணொளி பெரும்பாலும் தேறும்.

பழைய படைப்புகளில்தான் குழப்பம் அதிகம். ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் பாரதி பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளைப் பொறுத்தவரை கவலையே இல்லை. பாரதியின் இசை உரிமைக்காக ஏவி.எம். தரப்புக்கும் டி.கே.எஸ். சகோதரர்களுக்கும் நடந்த தகராறுக்குப் பிறகு, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளைத் தன்வசம் எடுத்தது, பின்னர் அவை பொதுவாயின. படம் 1961-இல் வந்தது, ஆகவே படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை 2021 முடிவோடு தீர்ந்தது. இசையமைத்த ஜி. ராமநாதன் 1963-இல் காலமானார், மெட்டின் உரிமை 2023 முடிவோடு தீர்ந்தது. இன்று அந்த மெட்டில் நீங்கள் பாடிப் போடலாம். இது இந்தியக் கணக்கு. வேறு நாடுகளின் கணக்கு வேறு, புதிதாக மெருகேற்றி வெளியிட்ட பிரதியின் கணக்கும் வேறாகலாம்.

அப்படியும் கிளைம் வரும். யாரோ ஒரு லேபிள் அந்தப் பழைய ஒலிப்பதிவைக் கிடங்கில் ஏற்றியிருப்பார்கள். இயந்திரத்துக்கு ஆண்டுக்கணக்கு தெரியாது, நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும். கந்த சஷ்டி கவசத்துக்கும் இதே நிலைதான். தேவராய சுவாமிகளின் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் விடியற்காலையில் கேட்டு வளர்ந்த சூலமங்கலம் சகோதரிகளின் ஒலிப்பதிவு தனிச் சொத்து. வரிகளை உங்கள் சொந்த மெட்டில் நீங்களே பாடுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. கதை வாசிக்கும் சேனல் தொடங்குபவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான சரக்கு கிடைக்காது.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் செய்யாதீர்கள். முதல் நாள் முதல் காட்சியில் அறிமுகக் காட்சியை மொபைலில் பிடித்து ரீல்ஸ் போடுவது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கோடு திரையரங்கில் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கிப் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை போகலாம். ரசிகனுக்கும் திருடனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காவல் நிலையத்தில் நின்று விளக்க வேண்டியிருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும், 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பிணையில் வெளிவருவதை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்தான்.

வக்கீல் நோட்டீஸ்

நோட்டீஸ் என்பது கடிதம்தான், தீர்ப்பில்லை. ஆனால் பதில் போடாமல் விடக் கூடாது. தில்லியிலிருந்து வந்ததே என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு உரிமையாளர் இருக்கும் ஊரில் வழக்குப் போட இடம் தருகிறது. ஆனால் 2015-இல் உச்ச நீதிமன்றம், சம்பவம் நடந்த இடத்திலேயே நிறுவனத்துக்குக் கிளை அலுவலகம் இருந்தால் அங்கேதான் போட வேண்டும், எதிராளியைத் தூர ஊருக்கு இழுத்தடிக்கக் கூடாது என்றது. சென்னையில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் உங்களைத் தில்லிக்கு இழுத்தால் இதைச் சொல்லுங்கள்.

அரசு முடக்கினால்

2025 பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. சில நாள் முன்பு ‘விகடன் பிளஸ்’ இணைய இதழின் அட்டையில் வந்த, டிரம்ப் அருகே பிரதமர் விலங்கோடு அமர்ந்திருக்கும் கேலிச்சித்திரம்தான் காரணம். ஒரு சித்திரத்துக்காக ஒரு நிறுவனத்தின் தளம் முழுவதும் போனது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அரசுக்குத் தெரிவிக்கட்டும், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றது. 2012-இல் திருட்டுப் படத்துக்குச் சொன்ன அதே அளவுகோலுக்குத்தான் இங்கும் வந்து சேர வேண்டியிருந்தது. சித்திரத்தை எடுக்கச் சொன்னது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முழுத் தளத்தை மூடியது தவறு என்பதில் இல்லை.

இத்தகைய தடை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவிலும் 2009-ஆம் ஆண்டு விதிகளிலும் வருகிறது. அந்த விதிகள் ரகசியம் காக்கச் சொல்வதால் உத்தரவின் நகல் உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். ஆனால் 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தடைக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாக எதிர்க்கலாம் என்றது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் மின்னணு அமைச்சகத்துக்கும் உடனே எழுதி உத்தரவின் நகலையும், தடையைப் பரிசீலிக்கும் குழுமுன் நேரில் விளக்க வாய்ப்பையும் கேளுங்கள். கேட்டதற்கான சான்று ரிட் மனுவில் உதவும். 69அ மட்டுமில்லாமல் 79-ஆம் பிரிவின் வழியாக, சஹயோக் என்ற அரசுத் தளம் மூலமும் நீக்கச் சொல்லும் உத்தரவுகள் இப்போது போகின்றன. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

அரசின் உத்தரவு இல்லாமல் யூடியூபோ ஃபேஸ்புக்கோ தாமாகவே நீக்கியிருந்தால் பாதை வேறு. முதலில் அவர்களின் இந்தியக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத வேண்டும். 2021 விதிகள் அவருக்கு 15 நாள் கொடுத்தன. இந்த எண்ணை அரசு திருத்துவதுண்டு, எழுதும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் 2023 முதல் இயங்கும் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் போகலாம். இணையத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம்.

கையெழுத்தில் இழப்பது

ஸ்ட்ரைக்கில் இழப்பதைவிட ஒப்பந்தத்தில் இழப்பது அதிகம். ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்கக் கேட்ட பாட்டு. அதிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். அவருக்கே அப்படியென்றால் முதல் ஆல்பம் போடுபவர் என்ன செய்வார்?

சட்டம் இங்கே படைப்பாளி பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, உரிமை உங்களுக்கே திரும்பும். அதனால்தான் அவர்களின் ஒப்பந்தத்தில் “நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்” என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு ஆண்டையும் ஊடகத்தையும் எழுதச் சொல்லுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரைப்பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

உங்கள் படைப்பைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் சண்டை வந்தால் பதிவு நல்ல சாட்சி. எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, படத்துக்கு 5,000. எல்லாவற்றையும் பதிய வேண்டாம்; காசு கொண்டுவரும் நான்கைந்தைப் பதியுங்கள். மற்றவற்றுக்கு மூலக் கோப்பு, எடிட்டிங் புராஜெக்ட், பயன்படுத்திய இசையின் உரிமச் சீட்டு, தேதி தெரியும் மின்னஞ்சல் ஆகியவற்றைக் காணொளிக்கு ஒரு ஃபோல்டர் என்று போட்டு வைத்தால் போதும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதற்காகத் தோற்கத் தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலும், மற்றவர்களுக்கு வரம்புக்குட்பட்டும் இலவசமாக வக்கீல் தருவார்கள். பதிப்புரிமை வழக்குக்கும் கேட்கலாம். எண் 15100.